எத்தனை காப்பி?

போன வாரம் என் மைத்துனர் வீட்டுக்கு வந்திருந்தார். காப்பியைக் குடித்துவிட்டு, "பிரிண்டர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறனுங்க மாமா. எதை வாங்கறதுங்க?" என்றார். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் இணையத்தில் வந்துவிட்ட பிறகு ஜேடர்பாளையத்தில் பலரும் இதைத்தான் கேட்கிறார்கள். நான் பதில் சொல்லவில்லை. "எத்தனை காப்பி மாப்பிள்ளை?" என்று திருப்பிக் கேட்டேன்.

இது என் சொந்தக் கேள்வி அல்ல. புதுச்சேரியில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எங்கள் ஹெட்கிளார்க் கேட்ட கேள்வி. நாலைந்து காப்பி என்றால் டைப்ரைட்டரில் கார்பன் வைத்து அடிப்போம். ஐம்பது, நூறு என்றால் ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் செய்வோம். ஆயிரத்தைத் தாண்டினால் அச்சகத்துக்குப் போகும். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அந்த சைக்ளோஸ்டைல் மெஷினை 'ரொனேயோ' என்றுதான் தெரியும். பெயர் எதுவானாலும் கையிலும் சட்டையிலும் மை ஒட்டுவது ஒன்றுதான். எத்தனை காப்பி என்று சொல்லாமல் ஹெட்கிளார்க் எந்த மெஷினையும் தொடவிட மாட்டார்.

அந்தப் பாடத்தை நானே ஒருமுறை மறந்தேன். ஓய்வுக்குப் பிறகு, விலை குறைவு என்று ஒரு கலர் இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கினேன். 4,000 ரூபாய். எங்கள் வீட்டில் மாதம் பத்துப் பக்கம்கூடத் தேறாது. இங்க்ஜெட்டில் தண்ணீர் போன்ற மை, முடியைவிட மெல்லிய துளைகள் வழியாகத் தெறித்துக் காகிதத்தில் விழுகிறது. சில வாரம் சும்மா கிடந்தால் மை துளையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அடைப்பு எடுக்க 'கிளீனிங்' கொடுத்தால் அதுவும் மையைத்தான் குடிக்கும். இரண்டு வருடத்தில் மூன்று முறை கார்ட்ரிட்ஜ் மாற்றினேன், முறைக்கு 1,600 ரூபாய். அச்சடித்த பக்கங்களைக் காலண்டரில் குறித்து வைத்திருந்தேன். மொத்தம் 220. கணக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்கு 40 ரூபாய்!

காசு போனதைக்கூட மறந்துவிடலாம். என் மனைவிக்கு ராஜா வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் பங்கு நிலம் உண்டு. அதன் பட்டா மாறுதல் விசாரணைக்கு இருவரும் ஐப்பசி மழையில் வண்டியில் போனோம். பை நனைந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் சர்வே எண், உட்பிரிவு எண் எல்லாம் கரைந்து ஒரே கறை. அன்று வேலை நடக்கவில்லை. மூட்டு வலியோடு இன்னொரு நாள் அவள் வரவேண்டியதாயிற்று. திரும்பும்போது, "எங்கப்பா காலத்துப் பத்திரம் அப்படியே இருக்குதுங்க. நீங்க நேத்து அடிச்சது ஓடிப்போச்சு" என்றாள். எனக்குப் பதில் இல்லை.

அதன் பிறகு வாங்கியதுதான் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். இதில் தண்ணீர் மை கிடையாது. டோனர் என்கிற நுண்ணிய தூளைச் சூட்டில் உருக்கிக் காகிதத்தில் பதிக்கிறது. மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் காய்வதற்கு ஒன்றுமில்லை. காகிதம் நனைந்தாலும் எழுத்து ஓடாது. இந்த உலர் முறையைக் கண்டுபிடித்தவரும் நம்மைப் போல மேஜை வேலைக்காரர்தான். நியூயார்க்கில் ஒரு கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்த செஸ்டர் கார்ல்சன், நகல் எடுத்து எடுத்துக் கை சலித்து, 1938 அக்டோபர் 22 அன்று முதல் உலர் நகலை எடுத்தார். ஜெராக்ஸ் என்ற சொல்லே 'உலர்ந்த' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அதற்காக எல்லோருக்கும் லேசர் என்று சொல்லமாட்டேன். பள்ளிப் பிள்ளைகள் இருந்து, வாராவாரம் கலரில் படமும் புராஜெக்டும் அடிக்கும் வீட்டுக்கு, பாட்டிலில் மை ஊற்றும் இங்க் டேங்க் வகை நல்லது. கார்ட்ரிட்ஜ் விலை தாங்காமல் இந்தோனேசியாவில் கடைக்காரர்களே பிரிண்டருக்கு வெளியே மைத்தொட்டியும் குழாயும் மாட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் எப்சன் கம்பெனி 2010இல் தொட்டியோடே பிரிண்டர் செய்து முதலில் அங்கே விற்றது. ஆனால் அதுவும் திரவ மைதான். வாரம் ஒரு பக்கமாவது ஓடவேண்டும். லாரி புக்கிங் ஆபீஸ்களில் கிரீச்சிடும் டாட் மேட்ரிக்ஸை யாரும் ஏளனம் செய்யவேண்டாம். ஊசி தட்டி எழுதுவதால் கார்பன் காப்பியும் சேர்ந்து விழும். மற்றவை எதுவும் அதைச் செய்யாது. மருந்துக்கடையின் வழவழப்பான பில் சூட்டில் கறுக்கும் தனிக் காகிதம், நாளாக ஆக வெளுத்துவிடும். மருத்துவச் செலவைத் திரும்பக் கேட்க நினைப்பவர்கள் அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

வருடத்துக்கு ஐம்பது பக்கம்கூடத் தேறாதவர்களுக்குக் கடையே போதும். ஒரு எச்சரிக்கை மட்டும். ஆதாரையும் பாஸ்புக்கையும் கடைக்காரரின் போனுக்கு அனுப்பினால் அது அங்கேயே கிடக்கும். பக்கத்தில் நின்று அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

மைத்துனர் விரல் விட்டு எண்ணினார். "மாசம் அஞ்சு பக்கம் இருக்குமுங்க மாமா."

"அப்படின்னா வாங்காதீங்க மாப்பிள்ளை. என் வீட்டில் இருக்கிறதே, நாலு வீட்டுக்கு அது ஒன்று போதும். பேப்பரை மட்டும் கொண்டு வாங்க" என்றேன்.

நேற்று சிட்டா எடுக்க வந்தார். கையில் புதுப் பேப்பர் கட்டு. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "ரெண்டு காப்பிங்க" என்றார்.