பல்லேடியம் சார்பைக் குறைக்குமா இரட்டை உலோக நானோ துகள்கள்?

பால் உறை, தண்ணீர்க் குழாய் போன்ற அன்றாட பாலித்தீன் பொருள்களின் தயாரிப்பில், பலரும் அறியாத விலையுயர்ந்த உலோகம் ஒன்று பங்கு வகிக்கிறது. அது பல்லேடியம்.

நாஃப்தாவை உயர் வெப்பத்தில் உடைத்து எத்திலீன் தயாரிக்கும்போது, சுமார் 1 சதவீதம் அசிட்டிலீனும் உருவாகிறது. அது நீக்கப்படாவிட்டால், எத்திலீனை பாலித்தீனாக மாற்றும் வினையூக்கி செயலிழக்கும். எனவே, ஹைட்ரஜனைச் செலுத்தி அசிட்டிலீனும் எத்திலீனாக மாற்றப்படுகிறது. 10 லட்சத்தில் சில பங்குகள் மட்டுமே எஞ்சலாம்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. தனித்த பல்லேடியம், எத்திலீனையும் ஈத்தேனாக மாற்றி, விற்பனைக்குரிய பொருளை வீணாக்கும். வெள்ளியைக் கலக்கும்போது பல்லேடியம் அணுக்கள் தனித்தனியே பிரிந்து அமைகின்றன. அதனால், உருவான எத்திலீன் மேற்பரப்பில் வலுவாக ஒட்டாமல் விலகிவிடுகிறது. ஆலைகளில் இந்தக் கலவையே பரவலாகப் பயன்படுகிறது.

பல்லேடியம் உற்பத்தியில் ரஷ்யாவும் தென்னாப்பிரிக்காவுமே முன்னணியில் உள்ளன. உக்ரைன் போர் தொடங்கிய பின், 2022 மார்ச்சில் அதன் விலை அவுன்ஸுக்கு 3,000 டாலரைத் தாண்டியது. மத்திய அரசு 2023-இல் வெளியிட்ட 30 முக்கிய கனிமங்களின் பட்டியலில் பிளாட்டினம் குழும உலோகங்களும் இடம்பெற்றன.

மாற்று வழிகளும் ஆராயப்பட்டு வருகின்றன. நிக்கல்-துத்தநாகக் கலவை இப்பணிக்கு உதவும் என 2008-இல் கணினிக் கணக்கீடுகளின் துணையுடன் கண்டறியப்பட்டது. தாமிரப் பரப்பில் பல்லேடியத்தைத் தனித்தனி அணுக்களாகப் பதித்தாலே தேர்ந்த ஹைட்ரஜனேற்றம் சாத்தியம் என்பதை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது.

எனினும், ஆலையில் பயன்படும் வினையூக்கியில் பல்லேடியத்தின் அளவு மிகக் குறைவு. இந்த உலோகத்தின் பெரும்பகுதி வாகனப் புகையைச் சுத்திகரிக்கும் கருவிகளுக்கே செல்கிறது. ஆகவே, மாற்றுக் கலவைகளால் மட்டும் இறக்குமதிச் சார்பு பெரிதாகக் குறைந்துவிடாது. உண்மையான ஆதாயம் எத்திலீன் வீணாவதைத் தடுப்பதில்தான் உள்ளது: ஆண்டுக்கு 10 லட்சம் டன் உற்பத்தி செய்யும் ஆலையில் 0.1 சதவீத இழப்பு என்பதே 1,000 டன்.

நானோ துகள்கள் வெப்பத்தில் ஒன்றுதிரண்டு பெரிதாவதும், கரி படிவதும் இன்னும் முழுமையாகத் தீராத சவால்கள். ஆய்வகத்தில் சில நூறு மணி நேரம் நிலைத்து நிற்பது போதாது. ஆலையில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்க வேண்டும். புதிய கலவைகளின் எதிர்காலத்தை அந்தச் சோதனையே தீர்மானிக்கும்.