நெதர்லாந்து நம்ம பெரிய கஸ்டமரா? கொஞ்சம் பொறுங்க!

2023-24ல இந்தியப் பொருட்களை அதிகம் வாங்கிய நாடுகளில் அமெரிக்கா, அமீரகத்துக்கு அடுத்து மூன்றாவது இடம் நெதர்லாந்துக்கு. மதிப்பு 2,200 கோடி டாலருக்கும் மேல். அங்கே மொத்த மக்கள்தொகையே சுமார் 1.8 கோடிதான். அப்படி என்னதான் வாங்குறாங்க?

பாதிக்கு மேல் டீசல், விமான எரிபொருள் போன்ற பெட்ரோலியப் பொருட்கள்! ஜாம்நகர் மாதிரியான சுத்திகரிப்பு ஆலைகளில் இருந்து கிளம்பும் சரக்கு, ஐரோப்பாவின் மிகப்பெரிய துறைமுகமான ராட்டர்டாமில் இறங்கும். அதில் ஒரு பகுதி அங்கிருந்து ஜெர்மனி, பெல்ஜியம்னு போயிடும். ஆனா நம்ம கணக்குல விழுறது நெதர்லாந்து பேர்தான். இதுக்கு 'ராட்டர்டாம் எஃபெக்ட்'னே ஒரு பெயர் இருக்கு. (நம்ம ஊர் ஸ்மார்ட்போன்களும் இப்போ இந்த ரூட்லதான் போகுது.)

உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்ய டீசலுக்கு ஐரோப்பா கதவைச் சாத்தியது. நாம மலிவா ரஷ்யக் கச்சா எண்ணெய் வாங்கி, சுத்திகரிச்சு அங்கேயே வித்தோம். இந்த வழிக்கும் இப்போ பூட்டு: ரஷ்யக் கச்சா எண்ணெயில் தயாரான எரிபொருளுக்கு 2026 ஜனவரி 21 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதிச்சிருக்கு.

'ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி எகிறுது'ன்னு அடுத்த முறை மார்தட்டும்போது, எண்ணெயைக் கழிச்சு நாடுவாரியா ஒரு கணக்கையும் வர்த்தக அமைச்சகம் பக்கத்துலயே போடட்டும்.