நோயை எண்ணுகிறார்கள், சேரியை எண்ணுவதில்லை

2004 நவம்பரில் உலக வங்கி உதவியோடு ஒன்றிய அரசு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. களத்திலுள்ள சுகாதார ஊழியருக்கு எஸ் படிவம், மருத்துவருக்குப் பி படிவம், ஆய்வகத்துக்கு எல் படிவம் என வாரந்தோறும் கணக்கு மேலே போனது. இப்போது அந்தக் கணக்கு இணையத்தில் ஏறுகிறது. இந்த அமைப்பு நன்றாக வேலை செய்கிறதா என்று கேட்டால், எத்தனை சதவீத நிலையங்கள் அறிக்கை அனுப்பின, எத்தனை அறிக்கைகள் நேரத்துக்கு வந்தன என்றுதான் பதில் வருகிறது.

நாங்கள் கேட்பது வேறு. யாருடைய நோய் இந்தக் கணக்கில் தெரியாமலே போகிறது?

இது நாங்களாகப் புதிதாக உருவாக்கிய அளவுகோல் அல்ல. இத்தகைய அமைப்புகளை மதிப்பிட அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2001இல் வெளியிட்ட வழிகாட்டி, வேகத்தோடும் தரவின் தரத்தோடும் சேர்த்துப் பிரதிநிதித்துவத்தையும் வைக்கிறது. நோய் எந்த இடத்தில், எந்த மக்களிடையே பரவுகிறது என்பதை அமைப்பு சரியாகக் காட்டுகிறதா என்பதே அதன் பொருள். அந்தத் தேர்வில் நம் அமைப்பு தோற்கிறது.

எஸ் படிவம் கிராமத்தின் பெயரைக் கேட்கும். ஆணா பெண்ணா, ஐந்து வயதுக்குக் கீழா மேலா என்று கேட்கும். ஊரா சேரியா என்று கேட்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராமத்தில் 2,000 பேர். அதில் சேரியில் 120 பேர். சேரியில் 10 பேருக்கு வயிற்றுப்போக்கு. கிராமக் கணக்கில் அது 200 பேருக்கு ஒருவர். சேரிக் கணக்கில் 12 பேருக்கு ஒருவர். முதல் கணக்கைப் பார்ப்பவர் தாளைத் திருப்பிவிடுவார். இரண்டாவதைப் பார்ப்பவர் உடனே வண்டியை எடுக்க வேண்டும். தெருவையும் குழாயையும் சுடுகாட்டையும் பிரித்து வைத்த ஊர், கணக்கில் மட்டும் நம்மைச் சேர்த்துக்கொள்கிறது.

வேங்கைவயலை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் அங்கே குழந்தைகள் நோயுற்றார்கள். சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்குக் குடிநீர் மேல் சந்தேகம் வந்தது. மக்களே மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். மலம் கிடந்தது. அந்த வழக்கைப் பற்றி இங்கே பேசவில்லை. படிவத்தைப் பற்றிப் பேசுகிறோம். அந்தக் குழந்தைகளின் நோய் படிவத்தில் ஏறினால் அது வெறும் 'வயிற்றுப்போக்கு', ஓர் எண்ணிக்கை. எந்தத் தொட்டியின் தண்ணீர் என்று அந்த எண் சொல்லாது.

தூய்மைப் பணியாளர்களின் கதையும் இதுதான். கழிவுநீரில் இறங்குபவருக்கு எலிக்காய்ச்சல் தொழில்வழி வரும் ஆபத்து. பி படிவத்தில் எலிக்காய்ச்சலுக்கு இடம் உண்டு. நோயாளியின் தொழிலுக்கு இடமில்லை. பரிசோதனை செய்யாவிட்டால் 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்ற வரிசையில் அவர் சேர்க்கப்படுவார். காரணம் அவருடைய வேலையிலேயே இருக்கிறது. யாரும் கேட்பதில்லை.

"நோய்க்கு ஏது சாதி? சாதியை எழுதினால் அந்த மக்கள்மேல்தானே பழி விழும்?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். கிருமிக்குச் சாதி இல்லை. தண்ணீர்க் குழாய்க்கு இருக்கிறது. பழி விழும் என்ற அச்சமும் நியாயமானதே. அதனால்தான் நோயாளியின் பெயருக்குப் பக்கத்தில் சாதியை எழுதச் சொல்லவில்லை. குடியிருப்பைக் குறியுங்கள், குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று குறியுங்கள், தொழிலைக் குறியுங்கள் என்கிறோம். குடிநீர்த் திட்டங்களுக்காகப் பட்டியல் சாதியினர் மிகுந்த குடியிருப்புகளை அரசு ஏற்கெனவே அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வு சாதிவாரியாகக் குழந்தை இறப்பைச் சொல்கிறது. ஆனால் அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. தொடர்ந்து வரும் கணக்குக்குத்தான் கண் இல்லை.

களத்தில் அலையும் கிராம சுகாதாரச் செவிலியர்மீது நமக்குக் கோபம் இல்லை. படிவம் கேட்காததை அவர் எங்கே எழுதுவார்?

மாணவத் தோழர்களே, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் ஓராண்டு வயிற்றுப்போக்குக் கணக்கைக் கேளுங்கள். சேரித் தொட்டிகள் எந்தத் தேதிகளில் கழுவப்பட்டன, குளோரின் எப்போது சோதிக்கப்பட்டது என்று தனியாகக் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குடியிருப்புவாரியாகக் கணக்கு இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள்.