இசயாமா நானுஓயாவில் பிறந்திருந்தால்

மங்கா வாசிக்கிற நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் எப்படியும் இந்த விளையாட்டு வந்துவிடும். 'அப்படி நடக்காம இருந்திருந்தா?' ஒசாமு தெசுகா டாக்டராகவே போயிருந்தால் ஆஸ்ட்ரோ பாய் வந்திருக்குமா? ஹஜிமே இசயாமா கொண்டுபோன கதையை ஷோனென் ஜம்ப் ஆட்கள் மாற்றச் சொல்லாமல் அப்படியே எடுத்திருந்தால் 'அட்டாக் ஆன் டைட்டன்' என்ன ஆகியிருக்கும்? ஹொஸ்டலில் விடிய விடிய இதைப் பேசியிருக்கிறோம். ஜாலியாத்தான் இருக்கும். ஆனா இப்ப எனக்கு இது கொஞ்சம் சலித்துவிட்டது. எல்லா 'இருந்தால்'களும் ஒரு மேதையின் தலைக்குள்ளேயே நடக்கின்றன. அவர் ஒரு முடிவை மாற்றினால் போதும், எல்லாம் மாறிவிடும் என்கிற மாதிரி.

என்னுடைய 'இருந்தால்' வேற. இசயாமா நானுஓயாவில் பிறந்திருந்தால்?

சும்மா ஊர்ப்பாசத்தில் கேட்கவில்லை. அவர் 1986இல் பிறந்து வளர்ந்த ஊர் ஜப்பானின் ஒய்தா மாகாணத்தில் இருக்கிற ஓயாமா. (பேரிலேயே ஒரு ஓயா இருக்கு, பாருங்க.) சுற்றிவர மலை, சரிவெல்லாம் ப்ளம் மரம். அந்த மலைகள்தான் தன் கதையில் வரும் சுவர்களுக்குக் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். 2020இல் அங்குள்ள அணைக்கட்டின் முன்னால் எரென், மிகாசா, அர்மின் மூன்று பேருக்கும் சிலை வைத்தார்கள். அணைச்சுவரை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள்.

எங்களுக்கும் மலைதான் சுவர். அதற்கு மேல் சட்டத்தாலும் ஒரு சுவர் இருந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று கணக்குப் போட்டுப் பிரித்தது. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். இசயாமா கற்பனை பண்ணின கதையை விட இது குறைஞ்சதா?

என் தாத்தாவின் தம்பி ஒருத்தர் வரைவாராம். அப்பாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெள்ளையடித்த லயத்துச் சுவரில் கரியால் கங்காணியை வரைந்து அடி வாங்கியிருக்கிறார். காகிதம் கிடைத்தால் அதில் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரே ஆளை நாலு இடத்தில் போட்டு, 'இதை வரிசையாப் பாருங்க' என்பாராம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுபதுகளில் ஒருநாள் குடும்பத்தோடு நானுஓயாவில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம் இறங்கினார். கடைசியில் கூடலூர்ப் பக்கம், அங்கேயும் தேயிலைதான். அதற்குப் பிறகு அவர் வரைந்ததாக யாரும் சொல்லவில்லை.

அவரை மேதை என்று சொல்ல வரவில்லை. அது யாருக்கும் தெரியாது, அதுதான் பிரச்சினையே. தெசுகாவை எடுங்க. மருத்துவமா மங்காவா என்று அம்மாவிடம் கேட்டதும், எது பிடிக்குமோ அதைச் செய் என்று அம்மா சொன்னதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் அதற்கு முன்பே, 1947இல், அவருடைய 'புதிய புதையல் தீவு' ஒசாகாவில் புத்தகமாக வந்து சக்கைப்போடு போட்டிருந்தது. அது 'சிவப்புப் புத்தகம்' என்ற வகை. மட்டமான தாள், பளிச்சென்ற மை, மிட்டாய்க் கடையில்கூட விற்பார்கள். தெசுகாவை உருவாக்கியதில் அம்மாவுக்குப் பாதிப் பங்கு என்றால் அந்த மட்டமான தாளுக்கு மீதிப் பங்கு.

இங்கே 1972ஐப் பாருங்கள். சிவகாசியில் முத்து காமிக்ஸ் அந்த வருஷம்தான் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. கொழும்பில் 'சத்துட' என்ற சிங்களச் சித்திரக்கதைப் பத்திரிகையில் கமிலஸ் பெரேராவின் கஜமேன் பிறந்ததும் அதே வருஷம். அப்போது இந்திய சஞ்சிகைகள் இலங்கைக்கு வருவதற்கும் கட்டுப்பாடு. அந்த இடைவெளியில் தமிழில் நாவல் வளர்ந்தது, வீரகேசரி பிரசுரம் வரிசையாகப் புத்தகம் போட்டது. சிரித்திரனில் சுந்தர் சவாரித் தம்பரை வரைந்துகொண்டிருந்தார். ஆனால் சிங்களத்தில் கிளம்பின மாதிரி ஒரு சித்திரக்கதை அலை தமிழில் கிளம்பவில்லை.

நான் மாற்ற விரும்புகிற வரலாறு இந்த இடத்தில்தான். ஒரு ஆளை இல்லை, ஒரு பத்திரிகையை வைத்துப் பாருங்கள். தமிழில், மட்டமான தாளில், வாரம் ஒருமுறை கொழும்பிலிருந்து கோச்சியில் நானுஓயாவுக்கு வந்து இறங்குகிற ஒரு கட்டு. பின்பக்கத்தில் 'உங்கள் கதையை அனுப்புங்கள்' என்று ஒரு முகவரி.

இதை ஹொஸ்டலில் சொன்னபோது ஒரு நண்பன் கேட்டான்: '73, 74ல தோட்டத்துல பஞ்சம்டா. மாவுக்கே வழியில்ல, யாரு காமிக்ஸ் வாங்குறது?' நல்ல கேள்வி. அப்பாயியும் அந்தப் பஞ்சத்தைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஆனால் 1947 ஒசாகாவும் பசியில்தான் கிடந்தது. ஒரு புத்தகத்தை ஒரு லயமே வாசிக்கலாம். எழுத்துத் தெரியாதவருக்குப் படம் இருக்கிறது. அவன் முழுசா ஒத்துக்கல. நானும் முழுசா நிரூபித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன், ஜப்பானில் யாரும் அந்தப் பிள்ளைகளைக் கப்பல் ஏற்றி அனுப்பவில்லையே.

அப்படி ஒரு கட்டு வந்திருந்தால் முதல் இதழிலேயே சின்னத் தாத்தா ஏதாவது அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறேன். அநேகமாக அதே கங்காணிதான். இந்தத் தடவை கங்காணி பெரட்டுக்களத்தில் நிற்கும்போது மரத்தை விட உயரமாக இருப்பார், பல் தெரியும், உடம்பில் தோல் இருக்காது.

உங்கள் வீட்டிலும் இப்படி வரைந்தவர்கள் இருந்திருப்பார்கள். பழைய கொப்பியோ துண்டோ இருந்தால் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். கூடலூரில் இருக்கிற சொந்தக்காரர்களிடம் நானும் கேட்டிருக்கிறேன். பரணில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறதாம், தீபாவளிக்கு வீடு துப்புரவாக்கும்போது இறக்கிப் பார்க்கிறோம் என்றார்கள்.