ஷீல்டு வேண்டாம், பூண் போதும்!



இந்த மலருக்குக் கவிதை தருவதாகத்தான் பேர் கொடுத்திருந்தேன். ஆனால் போன செமஸ்டர் யூனியன் மீட்டிங்கில் ஆரம்பித்த ஒரு சண்டை இன்னும் மனசுக்குள் ஓயவில்லை. அதை இங்கேயே பேசித் தீர்த்துக்கொள்கிறேன். மலர்க்குழு மன்னிக்கணும்.

சண்டை எதற்கு? ஒரு ஷீல்டுக்கு!

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்ம பசங்க இருபது, இருபத்தைந்து பேர் கொல்லிமலைக்கு நடந்து போவது உங்களுக்குத் தெரியும். 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிற பஸ் ரோட்டில் இல்லை. வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில். சும்மா ஊர் சுற்றவும் இல்லை. ஆளுக்கு அஞ்சு பேரைப் பிடிக்கணும். டீக்கடை அண்ணன், சித்தப்பா, ஜெராக்ஸ் கடை அக்கா, யாராக இருந்தாலும் சரி, நாம் நடக்கிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பத்து ரூபாய் தருகிறேன் என்று நோட்டில் கையெழுத்துப் போடணும். அந்தப் பணத்தில் மலை மேல் இருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் நோட்டும். இதை ஆரம்பித்து இத்தனை நாள் நடத்தியவர் ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மேன். பேர் போட்டால் கோபித்துக்கொள்வார். நமக்கு அவர் போஸ்ட்மேன் ஐயா, அவ்வளவுதான்.

தலைவர் என்றால் முன்னாடி நடப்பார் என்றுதானே நினைப்போம்? இவர் கடைசியில் வருவார். செருப்பு அறுந்தவன், மூச்சு வாங்குபவன், காலையில் ஹாஸ்டல் பொங்கலை அளவு தெரியாமல் சாப்பிட்டுவிட்டு வந்தவன் (நான்தான்), எல்லோருக்கும் பின்னால் அவர் ஒருத்தர் இருப்பார். அவரைத் தாண்டிப் பின்னால் யாரும் கிடையாது என்கிற தைரியத்தில்தான் நாம் முன்னால் நடந்திருக்கிறோம்.

ஒரு ஐப்பசி ஞாயிறு. இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான் பாக்கி. மழை பிடித்து ஓடையில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. முழங்கால் அளவுதானே, தாண்டிவிடலாம் என்று நாங்கள் குதித்தோம். ஐயா ஒரே வார்த்தை சொன்னார்: "திரும்புங்க." எங்களுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. இறங்கி வந்த பிறகு அவர் செய்ததுதான் பெரிசு. நடக்காத கிலோமீட்டருக்கு வாங்கிய காசைக் கணக்குப் போட்டு, கையெழுத்துப் போட்டவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். டீக்கடை அண்ணன் வேண்டாம் என்று சொல்லியும் கல்லாவில் வைத்துவிட்டு வந்தோம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. விதி வருவதற்கு முன்பே இவருக்கு இந்தக் குணம் உண்டு என்று சீனியர்கள் சொல்வார்கள். தீக்காலத்தில் நடை என்ற பேச்சையே எடுக்கவிட மாட்டார்.

இப்போது அவருக்கு முழங்கால் போய்விட்டது. "இனிமே நீங்களே பார்த்துக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டார்.

உடனே யூனியன் கூடியது. பொன்னாடை, ஷீல்டு, வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ். பட்ஜெட் 4,000 ரூபாய். கைதட்டல். நான் மட்டும் எழுந்து வேண்டாம் என்றேன். "உனக்கு ஏண்டா எரியுது?" என்றார்கள்.

ஏன் எரிகிறது என்றால், நான் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். பரணில் ஆறு ஷீல்டு இருக்கிறது. ஒன்றில் அவர் பேரே தப்பு. ஷீல்டு கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாலாயிரம் ரூபாயில் நம்முடையது என்று என்ன இருக்கிறது? கடைக்காரர் செய்கிறார், பெயிண்டர் எழுதுகிறார், சிறப்பு விருந்தினர் கொடுக்கிறார், போட்டோக்காரர் படம் பிடிக்கிறார். நாம் உட்கார்ந்து மிக்சர் சாப்பிடுகிறோம்!

2020-இல் இங்கிலாந்தில் கேப்டன் டாம் மூர் என்று ஒரு பெரியவர். இரண்டாம் உலகப்போரில் நம் இந்தியாவிலும் பர்மாவிலும் வேலை பார்த்தவர். கொரோனா நேரத்தில், 99 வயசில், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுத் தோட்டத்தில் 25 மீட்டர் தூரத்தை 100 தடவை நடந்தார். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்காக ஆயிரம் பவுண்டு சேர்க்கலாம் என்றுதான் ஆரம்பித்தார். மூன்று கோடி பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அந்த ஏப்ரல் 30-இல் நூறாவது பிறந்தநாள். ஒரு லட்சத்துக்கும் மேல் வாழ்த்து அட்டைகள். குழந்தைகள் கிரேயானில் வரைந்து அனுப்பியவை எத்தனையோ! பேரன் படித்த பள்ளிக்கூட ஹாலில் பரப்பி வைத்தார்கள். 2021-இல் அவர் இறந்துபோனார். அவர் பேரில் வைத்த அறக்கட்டளை என்ன ஆச்சு தெரியுமா? அதன் நிர்வாகத்தில் முறைகேடு இருந்தது என்று அந்த நாட்டு அறப்பணி ஆணையம் 2024-இல் அறிக்கை கொடுத்தது. அதன் பேரைச் சொல்லி அனுமதி வாங்கிய கட்டிடத்தை, அனுமதித்தபடி கட்டவில்லை என்று இடித்தே விட்டார்கள். பெரியவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, பாவம். ஆனால் அந்தக் கிரேயான் அட்டையை யாராவது இடிக்க முடியுமா?

சரி, கையால் செய்தால் எல்லாம் உசத்தி என்றும் நான் சொல்ல வரவில்லை. விழாவுக்கு முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குத் தெர்மாகோலும் ஃபெவிகாலும் வாங்கி, ஜிகினா தூவி "எங்கள் தெய்வமே" என்று ஒட்டுவதைவிட ஷீல்டு எவ்வளவோ தேவலை. நமக்குத் தெரிந்த வேலையைச் செய்யணும். நாம் யார்? டிப்ளமோக்காரர்கள். லேத் இருக்கிறது, ஸ்மிதி இருக்கிறது.

ஓட்டெடுப்பில் தோற்றோம். ஷீல்டும் கொடுத்தார்கள். அதோடு நாங்கள் எட்டுப் பேர் ஒரு நடைக்கோல் செய்தோம். மூங்கில் கடையில் நல்ல கல் மூங்கில் (காட்டில் வெட்டினால் ஐயாவே பிடித்துக் கொடுத்துவிடுவார்), அஞ்சடி உயரம். அடியில் இரும்புப் பூண். உலக்கைக்குப் போடுவோமே, அதே பூண்தான். 30 மில்லிமீட்டர் போர். லேத்தில் கடைந்து, உலையில் நீலம் பூக்கும்வரை சூடேற்றி, மூங்கிலில் ஏற்றித் தண்ணீரில் முக்கினோம். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா ஏற்றுகிற அதே வித்தை. பூணில் பேர் வெட்டவில்லை. கூட நடந்த 23 பேரும் சென்டர் பஞ்ச்சால் ஆளுக்கு ஒரு புள்ளி வைத்தோம். சில புள்ளி கோணல். யார் வைத்தது என்று கேட்காதீர்கள்.

"முழங்கால் போனவருக்குக் கோல் கொடுப்பது கேலி மாதிரி இல்லையா?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி, ரெண்டு நாள் தூங்கவில்லை. கடைசியில் ஐயாவிடமே சொன்னோம்: இது நீங்கள் ஊன்ற இல்லைங்க ஐயா, இனிமேல் கடைசியில் நடக்கிறவர் கையில் இது இருக்கணும், யார் என்று நீங்களே கொடுங்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. புள்ளிகளை விரலால் எண்ணினார். இருபத்து மூன்று வந்ததும் அந்தத் தோழியிடமே கொடுத்தார்.

இதோடு முடிந்திருந்தால் சினிமா மாதிரி இருந்திருக்கும். இரண்டே மாதத்தில் நடுவழியில் பூண் கழண்டு விழுந்துவிட்டது! யூனியன்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. விஷயம் ஐயா காதுக்குப் போய், அவரே பஸ் பிடித்து நொண்டிக்கொண்டு நம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார். "ஏன் கழண்டுச்சு?" என்றார். வைவாவில் வாய் திறக்காத நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னோம்: எஃகு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும், 270 டிகிரி ஏற்றினால் முப்பது மில்லிக்குப் பத்தில் ஒரு மில்லிதான் விரியும், ஒரு நோட்டுத்தாள் கனம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மூங்கில் எவ்வளவு சுருங்கும்?" என்றார். எட்டுப் பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். "பச்சை மூங்கில்ல போட்டிருக்கீங்கப்பா" என்றார். மூங்கில் நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலே மூன்று தாள் கனம் போய்விடுமே! எந்த ஷீல்டும் அவரை மறுபடி நம் வாசலுக்குக் கூட்டி வந்திருக்காது. மத்தியானம் வரைக்கும் உலைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கேண்டீன் டீ நல்லா இல்லை என்றார். அதுவும் உண்மைதான்.

வரும் வருஷ யூனியனுக்கு ஒரு விண்ணப்பம்: ஷீல்டுக் காசை ஸ்வெட்டர் நோட்டில் சேர்த்துவிடுங்கள். கௌரவிக்க வேண்டியவர் இருந்தால் இரண்டு மாதம் முன்பே எங்களிடம் சொல்லுங்கள். சிவில் பசங்களும் எலக்ட்ரிகல் பசங்களும் அவரவர் வேலையோடு வரட்டும்.

புது மூங்கில் ஹாஸ்டல் மாடிப்படிக்குக் கீழே நிழலில் காய்ந்துகொண்டிருக்கிறது. இந்தத் தடவை பூணுக்குக் குறுக்கே ரிவெட்டும் உண்டு. தயவுசெய்து யாரும் அதை எடுத்துத் துணி காயப்போடக் கட்டிவிடாதீர்கள்.

- மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்