காட்டாதவள்

தேர்வறையில் பிட் அடித்துப் பிடிபடுகிற மாணவனைப் பற்றி நம் ஆசிரியர் அறைகளில் பேசப்படுவதெல்லாம் ஒழுக்கம் கெட்டுவிட்டது என்கிற புலம்பல்தான். ஆண்டுக்கணக்கில் தேர்வறைகளில் நடைபோட்டிருக்கிற நமக்கு, இது வெறும் ஒழுக்கச் சிக்கல் அன்று என்பது தெரியும். தெரிந்தும் சொல்வதில்லை.

காப்பியடிப்பது தனியொருவனின் காரியமன்று. அதற்கொரு வட்டம் வேண்டும். பழைய வினாத்தாள், மூத்த மாணவரின் குறிப்பேடு, எந்த ஆசிரியர் எதைக் கேட்பார் என்ற தகவல், முன் இருக்கையில் சற்றே விலகிக்கொடுக்கிற தோள் ஆகிய யாவும் அந்த வட்டத்துக்குள்தான் புழங்குகின்றன. அதை வரைவது எது? சாதி, ஊர், விடுதி அறை, பள்ளியில் படித்த மொழி. தமிழ்வழியில் பயின்று, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைக்கு அதில் எளிதில் இடம் கிடைப்பதில்லை. நம் கையில் சிக்குகிறவனும் பெரும்பாலும் அவனே. அவனிடம் இருப்பது காகிதத் துண்டு; மற்றவர்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள்.

நாம் அறிந்த ஒரு வகுப்பில், நன்றாகப் படிக்கிற மாணவி ஒருத்தி விடைத்தாளைக் காட்ட மறுத்தாள். மறுநாள் முதல் அவள் பெஞ்சில் எவரும் அமரவில்லை. கருத்தரங்கக் குழு எதிலும் அவள் பெயர் இல்லை. மதியச் சோற்றைத் தனியாக உண்டாள். அவள் நம்மிடம் வந்து சொன்னபோது நாம் என்ன சொன்னோம்? "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா." அடுத்த பருவத்துக்கு அவள் வரவில்லை.

'நண்பனுக்கு உதவுவது குற்றமா?' என்று கேட்பவர்கள் உண்டு. மறுத்தால் தண்டனை உண்டென்றால் அதற்குப் பெயர் உதவியன்று, கப்பம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை; 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே ரத்து. அதற்கு முன்பே, 2012இல், வளாகப் பாகுபாட்டுக்கு எதிரான விதிகளையும் அதே குழு கொண்டுவந்தது. முன்னதை மென்பொருள் அளந்துவிடுகிறது. ஒரு பெஞ்சில் விடப்பட்ட வெற்றிடத்தை அளக்க என்ன இருக்கிறது? நம் கண்கள்தாம் இருந்தன. தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடக் கூடாதே என்று அவற்றையும் மூடிக்கொண்டோம்.

இனியேனும் சிலவற்றைச் செய்யலாம். பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும் துறை நூலகத்தில் எல்லாருக்கும் கிடைக்கட்டும். குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்போம். மனப்பாடத்தை மட்டும் சோதிக்கிற வினாக்களைக் கைவிட்டு, மாணவர் தாமே சிந்தித்து எழுதவேண்டிய வினாக்களைக் கேட்போம். அகமதிப்பீட்டு மதிப்பெண் எப்படி வந்ததென்று வகுப்பின் முன் சொல்வோம்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, அன்று அந்தப் பெண்ணிடம் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்வோம். அனுசரித்துப் போயிருக்க வேண்டியவள் அவளல்லள். அனுசரித்தே பழகிப்போனவர்கள் நாம்.