வகுப்பறைக்கு வெளியேயான கற்றலுக்குத் தர, பாதுகாப்பு நியமங்கள் கோரும் மனு

பெறுநர்: மாகாணக் கல்விப் பணிப்பாளர், கிழக்கு மாகாணம், வலயக் கல்விப் பணிப்பாளர், கல்முனை
பிரதிகள்: மாவட்டச் செயலாளர், அம்பாறை, பணிப்பாளர், முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம்
அனுப்புநர்: பெற்றோர் சங்கத்தினர், கல்முனை

கனம் ஐயா / அம்மணி,

2024 நவம்பர் 26 அன்று, வெள்ளம் காரணமாக விடுமுறை வழங்கப்பட்டு நிந்தவூரிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம், மாவடிப்பள்ளியில் வீதியை மூடிப் பாய்ந்த நீரில் அள்ளுண்டு போனது. ஆறு மாணவர்களை ஜனாஸாவாக மீட்டோம். மாரியில் அவ்வீதி மூழ்கும் என்பது இப்பகுதியில் எல்லோருக்கும் தெரியும். கிட்டங்கித் தாம்போதியின் நிலையும் அதுவே. தெரிந்த ஆபத்துக்கு முன்னால், பிள்ளைகளை அனுப்பலாமா கூடாதா என்று சொல்லும் பொறுப்பு எவரிடமும் எழுத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. இம்மனுவின் காரணம் அதுதான்.

கல்விச் சுற்றுலாக்களைத் தடைசெய்யும்படி நாங்கள் கேட்கவில்லை. விபத்து நடந்த கையோடு எல்லாப் பயணங்களையும் நிறுத்துவது அலுவலகத்துக்கு எளிது, இழப்போ பிள்ளைகளுக்கு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை குடும்பத்தோடு நாட்டைப் பார்த்துவிடும். மீனவர், கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்குப் பாடசாலைப் பயணத்தை விட்டால் வேறு வழியில்லை.

கல்விச் சுற்றுலாவுக்கு வலயத்தின் அனுமதி பெறும் நடைமுறை ஏற்கெனவே உண்டு. அனுமதிக் கடிதம் மட்டும் பிள்ளையைக் காக்காது. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா, ரதெல்லையில், கொழும்புப் பாடசாலை மாணவர்கள் சுற்றுலா சென்ற பஸ் வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் ஏழு பேர் உயிரிழந்தனர். ஆகவே பஸ்ஸின் தடுப்புக் கருவி, டயர், ஆசனங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பயணத்துக்கு முன்னர் தகுதியானவர் நேரில் பரிசோதித்து ஒப்பமிட வேண்டும். இரவு முழுவதும் ஓட்டிச் சென்று காலையில் இடம் பார்க்கும் வழக்கத்துக்கு அனுமதி வழங்கக் கூடாது. மலைப்பாதைக்கு அப்பாதையில் பழகிய சாரதி கட்டாயம் வேண்டும்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. 2023 மார்ச்சில் வெல்லவாய, எல்லாவல நீர்வீழ்ச்சியில் மூழ்கி இறந்த நான்கு இளைஞரும் எமது பகுதியினர். கடற்கரையில் பிறந்ததனாலேயே ஒருவருக்கு நீர் பழகிவிடுவதில்லை. கடலோரத்தில் அலையில் நின்று குளிப்பவருக்குக் கூட, பாறைக்கு அடியில் சுழலும் ஆற்றுநீரின் போக்கு தெரியாது. இந்தியாவின் வதோதரா ஹர்ணி ஏரியில் 2024 ஜனவரியில், அளவுக்கு மீறி ஏற்றிய படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் இரு ஆசிரியர்களும் மாண்டனர். எனவே ஆறு, அருவி, களப்பு, குளம் எதுவாயினும், உயிர்காப்பாளர் இல்லாத இடத்தில் மாணவர் நீரில் இறங்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறக் கூடாது. எமது வலயத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கும் திட்டமொன்றையும், பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநருடன், தொடங்கித் தாருங்கள்.

விடுதி மாணவரை விடுமுறையில் வீட்டுக்கு அனுப்புவதும் இந்த நியமங்களுக்குள் அடங்க வேண்டும். வெள்ள எச்சரிக்கை உள்ள நாளில், அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடமும் பிரதேச செயலகத்திடமும் வீதி நிலவரம் கேட்டறியாமல் எந்தப் பிள்ளையும் வெளியேறக் கூடாது. பெற்றோரிடம் கையளிக்கும்வரை பொறுப்பு நிறுவனத்தினுடையது. அரபுக் கல்லூரிகளையும் இது கட்டுப்படுத்தும் வகையில் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம் ஒத்துழைக்க வேண்டும். மாவடிப்பள்ளிக்குப் பின்னர் இதில் தயக்கத்துக்கு இடமில்லை.

தரமும் பாதுகாப்பும் தனித்தனியானவை அல்ல. இங்கிலாந்தின் லைம் குடாவில் 1993இல் சிறுபடகுப் பயணத்தில் நான்கு மாணவர் இறந்ததன் பின்னர், சாகச நடவடிக்கை நிலையங்களுக்கு உரிமம் கோரும் சட்டம் 1995இல் வந்தது. பிற்காலத்தில் அங்கு வந்த தரச் சின்னம், ஓரிடத்தில் பிள்ளை என்ன கற்கிறது என்பதையும் அங்கே பாதுகாப்பு எப்படி என்பதையும் சேர்த்தே மதிப்பிடுகிறது. இங்கோ ஒரே நாளில் பல ஊர்களை ஓடிப் பார்ப்பதே சுற்றுலா என்றாகிவிட்டது. அவசரமே ஆபத்தையும் கூட்டுகிறது. எங்கள் வயல்களுக்கு நீர் தரும் சேனநாயக்க சமுத்திரம், மருதமுனையின் கைத்தறி, ஒலுவில் துறைமுகம், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என நிதானமாகப் பார்த்துக் கற்கக்கூடிய இடங்கள் அருகிலேயே உள்ளன. ஒவ்வொரு பயணத்துக்கும் பாடத்தோடு இணைந்த கற்றல் திட்டமும், முன்கூட்டியே இடத்தைப் பார்த்துவந்த ஆசிரியரின் அறிக்கையும் கேளுங்கள். முதலுதவி பயின்றவரும், மாணவியர் சென்றால் ஆசிரியைகளும் உடன் செல்ல வேண்டும். கட்டணம் செலுத்த முடியாத பிள்ளை பின்தங்காதிருக்க நிதி ஒதுக்க வேண்டும்.

இந்நியமங்களை வரைவதற்கு அதிபர்கள், பெற்றோர், பொலிஸார், அனர்த்த முகாமைத்துவ அதிகாரிகள் அடங்கிய குழுவொன்றை அமைத்து, எங்கள் சங்கத்தையும் அதற்கு அழைக்குமாறு வேண்டுகிறோம். வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் எழுத்துமூலப் பதில் தாருங்கள்.

இவ்வண்ணம்,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்